தேய்ந்த முள்ளும் கொக்காகும்

(வாசல் தோட்டம் பற்றி லயத்துக் குடும்பங்கள் கூடிய இடத்தில் பேசியது)



இன்றைக்கு நான் பேச வந்தது பழைய இரும்பைப் பற்றி. சிரிக்காதீங்க! நம்ம காம்பராக்களில் இஸ்தோப்பு மூலையிலோ, விறகுக்கு அடியிலோ ஒரு தேய்ந்த மண்வெட்டி, பல்லு உடைந்த முள்ளு, நூலாய்ப் போன கவ்வாத்துக் கத்தி என்று ஏதாவது ஒன்று கிடக்கும். பழைய இரும்புக்காரர் வந்தால் எடை போட்டுக் கொடுத்துவிடுகிறோம். கிடைக்கிற காசு அன்றைக்கே கரைந்து போகும்.

அந்தக் கத்தியைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பாருங்கள். புதுசில் அகலமாய் இருந்தது. கல்லில் தீட்டித் தீட்டி இப்போது பிறை மாதிரி ஆகிவிட்டது. மண்வெட்டிக் காம்பில் கை பிடித்த இடம் மட்டும் வழுவழு என்று மின்னும். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார் என்று பிள்ளைகள் படிக்கிறார்கள். அங்கே காடு வெட்டி, குழி தோண்டினவர்கள் பேரைப் படிக்கிறார்களா? நம்ம தாத்தா, அப்பாயி பேரும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவுங்க கை பட்ட அடையாளம் இந்தச் சாமானில்தான் இருக்கிறது. அதைக் கிலோக் கணக்கில் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அப்போ என்ன செய்ய? வாசலில் நிறுத்துங்கள்.

பிக்காசோ என்ற பெரிய ஓவியர், 1950க்குப் பிறகு, பிரான்சில் இருந்தபோது ஒரு கொக்கு செய்தார். மண் அள்ளுகிற சவள்தான் அதற்கு வால். சாப்பாட்டு முள்ளுக் கரண்டிதான் பாதம். தலைக்கு ஒரு பைப்பு! அவர் பெரிய ஆள் என்பீர்கள். ஆனால் சவளைக் கையில் எடுத்து வேலை செய்ததில் நீங்கள் அவருக்கு மூத்தவர்கள் அல்லவா?

நம்ம கொக்கு இப்படித்தான். மேல்பிடி உடைந்த முள்ளை மண்ணில் ஆழமாய்க் குத்துங்கள். பல்லுதான் கால். தேய்ந்த மண்வெட்டித் தகட்டின் காதை அந்தக் காம்பில் கோர்த்து, ஆப்பு அடித்தால் வால் வந்துவிடும். உச்சியில் கவ்வாத்துக் கத்தியை வளைவு கீழே பார்க்கக் கட்டுக்கம்பியால் இறுக்கினால் கழுத்தும் அலகும். கண்ணுக்கு ஒரு நட்டு. ஒட்டுவேலை ஒன்றும் வேண்டாம். பக்கத்தில் அடி போன கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து வைத்து, அவரைக் கொடி ஏற்றிவிட்டால் கொக்குக்குக் கூடும் ஆச்சு. (இப்போ பல தோட்டங்களில் கூடை போய் நைலோன் பை வந்துவிட்டது. பழைய கூடை இருக்கிறவர்கள் பத்திரமாய் வையுங்கள்.)

சில விஷயம் கண்டிப்பாய்ச் சொல்ல வேணும். தோட்டம் கொடுத்த சாமான் என்றால், ஸ்டோரில் கேட்டு, கழித்துவிட்டது என்று சொன்ன பிறகே எடுங்கள். இல்லாவிட்டால் பிறகு விசாரணைக்கு நிற்க நேரும். கத்தியின் வாயை அரத்தால் ராவி, விரல் வைத்தாலும் வெட்டாதபடி மழுக்குங்கள். பிள்ளைகள் ஓடுகிற பாதையில் நட வேண்டாம். ஏற்பு வலிக் கிருமி மண்ணில் இருக்கிறது. ஆழமாய்க் குத்திவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசியைப் பற்றிக் கேளுங்கள்.

பழைய வாளி, தகரம் வைத்தால் அடியில் ஓட்டை போடுங்கள். ஒரு வாரம், பத்து நாள் தேங்கின தண்ணீர் போதும், டெங்கு நுளம்பு பறந்துவிடும். மருந்தடிக்கிற டாங்கியையும் மருந்துக் கேனையும் தொடவே வேண்டாம். கழுவினாலும் நஞ்சு போகாது.

பெயின்ட் அடிப்பது உங்கள் விருப்பம். பிள்ளைகளுக்கு நீலக் கொக்கு வேணுமென்றால் நீலம். காம்பில் கை தேய்ந்த இடத்தில் மட்டும் பெயின்ட் பூசாதீங்க. மாதத்துக்கு ஒருக்கா தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்துவிடுங்கள்.