ஒளியைச் சுட்டும் ஆங்கிலச் சொற்கள்



ஆங்கில மொழியில் ஒளியைக் குறிக்கும் வினைச்சொற்கள் மிகப் பல. கிளோ, கிளீம், கிளிட்டர், கிளிம்மர், கிளிசன், ஸ்பார்க்கிள், டுவிங்கிள், ஷிம்மர், ஃபிளாஷ், ஃபிளிக்கர், கிளேர், டாசில் என்று அவை அணிவகுத்து நிற்கின்றன. கையடக்க அகராதியைப் புரட்டினால், இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு எதிரே 'ஒளிர்', 'மின்னு', 'பிரகாசி' என்னும் இரண்டு மூன்று சொற்களே மாறி மாறி வரும். அதைக் கண்ட மாணவர் பலர், 'இவை யாவும் ஒரே பொருளன. எதை எழுதினாலும் குற்றமில்லை' என்று கருதிவிடுகின்றனர். அக்கருத்து பொருந்தாது என்பதையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஒளியைக் கண்டவுடன் மூன்று வினாக்களை உங்களுக்குள் எழுப்பிக் கொள்ளுங்கள். அப்பொருள் தானே ஒளிவிடுகிறதா, பிறிதோர் ஒளியைப் பெற்றுத் திருப்புகிறதா? ஒளி நிலைத்து நிற்கிறதா, விட்டு விட்டு வருகிறதா? அது கண்ணுக்கு இதமாக இருக்கிறதா, கண்ணை வருத்துகிறதா? இம்மூன்றுக்கும் விடை கண்டால், எச்சொல் பொருந்தும் என்பது பெரும்பாலும் தானே விளங்கிவிடும்.

அடுப்பில் சுடர் அடங்கிய பின்னும் தணல் செந்நிறமாய்க் கனன்றுகொண்டிருக்கிறது. அவ்வொளி உள்ளிருந்து வருவது, அசையாதது, மென்மையானது. அதுவே கிளோ. நன்கு துலக்கிய பித்தளைக் குடத்தின்மீது விளக்கொளி பட்டுத் திரும்பினால், அது கிளீம். பனியில் நனைந்த புல்லும் எண்ணெய் பூசிய மேனியும் ஈரத்தால் ஒளிர்வது கிளிசன். இச்சொல்லின் நடுவே டகர ஒலிக்குரிய எழுத்து உண்டு. ஆயினும் அது ஒலிக்கப்படுவதில்லை. சரிகையிலும் உடைந்த கண்ணாடித் துண்டுகளிலும் எண்ணற்ற கூரிய புள்ளிகளாய்த் தெறிக்கும் ஒளி கிளிட்டர். வைரத்தில் துள்ளும் உயிர்ப்புள்ள ஒளி ஸ்பார்க்கிள். அசையும் நீர்ப்பரப்பில் நிலவொளி நெளிவது ஷிம்மர். மூடுபனிக்கு அப்பால் மங்கலாய்த் தெரியும் விளக்கு கிளிம்மர். காற்றில் அலைந்து, அணைவதும் எரிவதுமாய்த் தவிக்கும் சுடர் ஃபிளிக்கர். ஒரு கணம் வெட்டி மறையும் மின்னல் ஃபிளாஷ். நண்பகலில் வெண்மணல் வெளியிலிருந்து எழுந்து கண்ணை உறுத்தும் ஒளி கிளேர். அவ்வாறு கண்ணைக் கூசச் செய்து பார்வையைத் தடுமாற வைப்பது டாசில்.

டுவிங்கிள் என்னும் சொல் உங்களுக்குக் குழந்தைப் பருவத்திலேயே அறிமுகமானது. ஜேன் டெய்லர் என்னும் ஆங்கிலப் பெண்மணி 1806-இல் வெளியிட்ட விண்மீன் பாட்டு அதை உலகெங்கும் பரப்பியது. விண்மீன் மிகத் தொலைவில் உள்ளதால் நமக்கு ஒரு புள்ளியாகவே தோன்றுகிறது. அதன் ஒளி, நிலையின்றி அசையும் காற்று மண்டலத்தின் வழியே வருகையில் பலவாறு வளைகிறது. அதனால் கூடியும் குறைந்தும் சிமிட்டுவதுபோல் காண்கிறோம். கோள்களோ நமக்கு அருகில் இருப்பவை. சிறு வட்டமாக அமைந்து ஒளி தருபவை. ஆதலால் அவை பெரும்பாலும் சிமிட்டுவதில்லை. மாலை வானில் தோன்றும் வெள்ளியைக் குறித்து டுவிங்கிள் என்று எழுதுபவர், வானத்தை நோக்காமல் அகராதியை மட்டும் நோக்கியவர் ஆவார்.

ஒளிவிடும் பூச்சிகளிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். இங்கிலாந்தின் புல்வெளிகளில் சிறகில்லாத பெண் வண்டு ஒன்று கோடை இரவுகளில் நிலையான பசிய ஒளி வீசும். அதற்குக் கிளோ-வொர்ம் என்று பெயர். நம் ஊர்த் தோப்புகளில் பறக்கும் மின்மினியோ விட்டு விட்டு ஒளிர்வது. அதற்குரிய வினை ஃபிளாஷ்.

இனி, இச்சொற்களின் அமைப்பை நோக்குவோம். இவற்றுள் பல 'கிள்' என்னும் ஒலியோடு தொடங்குகின்றன. லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக விளங்கிய ஜே. ஆர். ஃபர்த் என்னும் மொழியறிஞர், இவ்வாறு ஒருவகைப் பொருளோடு இணைந்து வரும் ஒலிக்கூட்டத்துக்கு 1930-இல் ஃபோனஸ்தீம் என்று பெயரிட்டார். எனினும் இதனை விதியாகக் கொள்ளலாகாது. கையுறையைக் குறிக்கும் கிளவ் என்னும் சொல்லும், பசையைக் குறிக்கும் குளூ என்னும் சொல்லும் அவ்வொலியோடு தொடங்குவனவே. அவற்றுக்கும் ஒளிக்கும் தொடர்பில்லை.

சொல்லின் முடிவு இன்னும் பயனுள்ள குறிப்பைத் தருகிறது. ஸ்பார்க் என்பது ஒரு தீப்பொறி. அதன் இறுதியில் லகர ஒலி சேர்ந்தால் ஸ்பார்க்கிள்; பொறி பலவாகிறது. டுவிங்கிள், ஃபிளிக்கர், கிளிட்டர், ஷிம்மர் ஆகியவற்றின் ஈறுகளும், ஒரு செயல் சிறிது சிறிதாய்த் திரும்பத் திரும்ப நிகழ்வதைக் காட்டுவன. ஃபிளிக்கர் என்பது முதலில் பறவையின் சிறகடிப்பைக் குறித்து, பின்னர் சுடரின் துடிப்புக்கு ஆயிற்று. ஆங்கிலம் ஈற்றினால் உணர்த்தும் இப்பொருளைத் தமிழ் 'மினுமினு', 'பளபள' என்னும் இரட்டைக்கிளவியால் உணர்த்துகிறது. ஃபிளாஷ் என்பதற்கு அத்தகைய ஈறு இல்லை. 'பளிச்சென்று' என்னும் நம் சொல்லைப்போல அது ஒரே வீச்சு.

'இத்துணை நுட்பம் எதற்கு? தேர்வில் அரை மதிப்பெண்தானே குறையும்?' என்று நீங்கள் கேட்கலாம். கடலோடியைக் கேளுங்கள். இங்கிலாந்தின் தென்மேற்கே, பிளிமத் துறைமுகத்துக்கு அப்பால் எடிஸ்டோன் என்னும் பாறை உள்ளது. அங்கே 1882-இல் எழுப்பப்பெற்ற கலங்கரை விளக்கம், பத்து நொடிக்கு இருமுறை ஒளி வீசுகிறது. ஒவ்வொரு விளக்கின் ஒளிமுறையும் கடல் வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கும். இருள் மிகுந்து ஒளி குறைந்திருந்தால் ஃபிளாஷிங். ஒளி மிகுந்து இருள் குறைந்திருந்தால் அக்கல்டிங். இரண்டும் சமமானால் ஐசோஃபேஸ். நள்ளிரவில் மாலுமி இம்முறையைக் கொண்டே இன்ன விளக்கு என்று அறிந்து திசை தெளிகிறான். ஒரு சொல்லை மாற்றிக் கொண்டால் கப்பல் பாறையில் மோதவும் கூடும்.

கண் மருத்துவரையும் கேளுங்கள். கண்ணின் ஓரத்தில் திடீரென மின்னல்போல் ஃபிளாஷ் தோன்றுவதாக ஒருவர் சொன்னால், விழித்திரை இழுக்கப்படுகிறதோ, கிழிந்து விலகுகிறதோ என்று மருத்துவர் விரைந்து ஆராய்வார். அங்கே காலந்தாழ்த்தினால் பார்வையே போகக்கூடும். இரவில் எதிர்வரும் வண்டி விளக்குகளின் கிளேர் தாங்கவில்லை என்றால், கண்புரையோ என்று நோக்குவார். வளைந்து நெளியும் கோடுகள் ஷிம்மர் என அசைவதாகச் சொன்னால், ஒற்றைத் தலைவலியின் முன்னறிகுறியோ என்று வினவுவார். முடிவு செய்வது சோதனையே. ஆயினும் அச்சோதனைக்கு வழிகாட்டுவது நோயாளியின் சொல். நாளை உங்கள் பாட்டனாரை அழைத்துக்கொண்டு ஆங்கிலம் பேசும் மருத்துவரிடம் செல்பவர் நீங்களாகவே இருக்கலாம். அவர் கண்டதை உள்ளவாறு எடுத்துரைக்கும் பொறுப்பு அப்போது உங்களுடையது.

ஆகவே, மாணவர்களே, இச்சொற்களைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடாதீர்கள். இன்றிரவு வாசலுக்கு வந்து, தெருவிளக்கையும், நீர் நிறைந்த குடத்தையும், வானத்து மீன்களையும் சற்றுநேரம் உற்று நோக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் உரிய ஆங்கிலச் சொல்லை எழுதி, அது ஏன் பொருந்தும் என்பதற்கு ஒரு வரிக் காரணமும் எழுதுங்கள். காரணம் எழுத வரவில்லையென்றால், மீண்டும் வாசலுக்குச் சென்று பாருங்கள்.