கல்நார்த் தூசியும் நட்டஈடும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் பலர் வீட்டில் தலைக்குமேல் இருப்பது. கொட்டாஞ்சேனைத் தோட்டங்களிலும் வெள்ளவத்தை ஒழுங்கைகளிலும் ஓட்டுக்குப் பதிலாகப் போட்டிருக்கும் அஸ்பெஸ்டஸ் சீற், அதாவது கல்நார்த் தகடு, அதையே சொல்லுகின்றோம். சும்மா கிடக்கும் தகடு அத்துணைத் தீங்கு செய்வதில்லை. அறுக்கும்போதும் துளையிடும்போதும் உடைக்கும்போதும் பறக்கும் நுண்ணிய நார்களே நுரையீரலிற் புகுந்து தங்கிவிடுகின்றன. வீட்டுக்காரர் தூசி என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். கூரைமேல் நிற்கும் பாஸுக்கோ அது நாள்தோறும் கிடைக்கும் உணவு!

இந்நோய் வெளிப்பட இருபது, முப்பது, சிலருக்கு நாற்பது ஆண்டுகளும் செல்லும். அதற்குள் வேலைத்தலம் மூடப்பட்டிருக்கும், முதலாளி மாறியிருப்பார், சம்பளப் புத்தகம் கறையானுக்கு இரையாகியிருக்கும். நட்டஈடு கேட்பவனுக்குப் பெரும் இடையூறு இதுவே.

இங்கிலாந்தில் ரோச்டேல் நகரக் கல்நார் ஆலையில் வேலைசெய்த நெல்லி கெர்ஷோ என்னும் பெண் 1924ஆம் ஆண்டு தமது 33ஆம் வயதில் இறந்தார். அவர் நோயுற்றிருந்தபோது உதவி கேட்டார். கல்நார் நோய் சட்டத்தின் அட்டவணையில் இல்லை என்று கம்பெனி கையை விரித்தது. தூசியைக் கட்டுப்படுத்தும் விதிகள் அங்கே பிறந்தது 1931இலேதான். இத்தாலியில் கசாலே மொன்பெராத்தோ ஆலை வழக்கில் 2012இல் கிடைத்த தண்டனைத் தீர்ப்பை, காலம் கடந்துவிட்டது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. காலந்தாழ்த்தித் தோன்றுவதே இந்நோயின் இயல்பு; அதனைக் குற்றவாளிக்குச் சாதகமாக்குவது எந்த நியாயமோ நமக்கு விளங்கவில்லை.

இந்தியாவில் நிலை சற்று வேறு. அகமதாபாத்தைச் சேர்ந்த நுகர்வோர் அமைப்பொன்று தொடுத்த வழக்கில், 1995 ஜனவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் தொழிலாளியின் உடல்நலம் உயிர்வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று கூறிற்று. நோயுற்றவரெனக் கண்டறியப்படும் ஒவ்வொருவருக்கும் ஒரு லட்சம் ரூபா கொடுக்கவேண்டும் என்றது. அதனினும் மேலானது மற்றொரு கட்டளை: தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை, அவர் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகளோ விலகியபின் 15 ஆண்டுகளோ, எது பிந்தியதோ அதுவரை ஆலைகள் பேணவேண்டும். நோயின் வேகத்தை அறிந்து எழுதிய தீர்ப்பு அது.

அத்தீர்ப்பு நம் நாட்டைக் கட்டுப்படுத்தாது. இங்கே நீலக் கல்நார் 1987இல் தடைசெய்யப்பட்டது. வெள்ளைக் கல்நாரை 2018 முதல் கட்டுப்படுத்த முடிவாயிற்று. ஆனால் 2017 டிசம்பரில் ருசியா வண்டொன்றைக் காட்டி நம் தேயிலையை நிறுத்தவே, அம்முடிவும் தளர்ந்தது. வண்டுக்கும் கல்நாருக்கும் உள்ள உறவைச் சபையோரே ஊகித்துக்கொள்க.

எனினும் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் நம்மிடம் உண்டு. விபத்துக்கு மட்டுமன்றித் தொழில்வழி நோய்க்கும் அதில் இடமுண்டு. இறந்தவரின் தங்கிவாழ்வோரும் ஆணையாளரிடம் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தைத் தாமதிக்கலாகாது. ஆனால் இன்னார் இன்ன இடத்தில் இந்த வேலை செய்தார் என்பதைக் காட்டவேண்டுமே! ஊழியர் சேமலாப நிதி அட்டை, சம்பளத் துண்டு, பழைய எக்ஸ்ரே படம், கிளினிக் புத்தகம் ஆகியவற்றைத் தகப்பனாரின் பெட்டியிலிருந்து எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். கூலிக்குக் கூரை வேய்ந்தவருக்கு இவையும் இரா. அவருடன் வேலைசெய்தவர்கள் உயிரோடிருக்கும்போதே அவர்களுடைய வாக்குமூலத்தைச் சமாதான நீதவான் முன்னிலையில் எழுதிவைக்கலாம்.

இருமலென்று வைத்தியரிடம் போகும்போது, முப்பது ஆண்டுகளுக்குமுன் சீற் அறுத்ததையும் சொல்லுங்கள். சொன்னாலன்றி அவர் அதை எழுதமாட்டார்.