குரலுக்கும் ஒரு சொந்த வீடு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாம் புலவரும் அல்லோம். பொறியியல் கற்றவரும் அல்லோம். மெட்ரிகுலேஷன் தேறி, ரயில்வே அலுவலகத்தில் கோப்பும் பேரேடும் புரட்டியே நாற்பதைக் கடந்தோம். அத்தகைய எம்மை இம்மேடையில் ஏற்றி, “சொந்தச் சர்வர்த் தளங்களில் குரல் உரையாடற் செயலிகள் இன்னும் பெருக வேண்டுமா?” என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்துள்ளார். கணினிப் பேச்சுக்குத் தமிழ்ச் சங்கத்து ஆண்டு விழாவில் என்ன வேலை என்று பெரியவர் சிலர் எண்ணக்கூடும். அவர்கள் ஐயம் தீர, நம் சங்கத்தில் நிகழ்ந்த ஒன்றை முதற்கண் கூறுவோம்.

இக்காலனியில் பிறந்து வளரும் நம் குழந்தைகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வருவதில்லை. பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும். வீட்டினுள் மட்டுமே தமிழ். ஆகவே, அவர்களுக்குத் தாய்மொழி கண் வழியாக அன்றிக் காது வழியாகவே செல்கின்றது. இதனை உணர்ந்தே, சனிக்கிழமை மாலைதோறும் இணையத்தில் கிடைத்த ஓர் இலவசக் குரல் அரங்கில் நாம் கூடி வந்தோம். ஓய்வு பெற்றுத் திருச்சிக்கும் மதுரைக்கும் திரும்பிய குடும்பங்களும் அங்கிருந்தே கலந்து கொண்டன. இரண்டாம் பிளாக்கில் இருந்த பாட்டி ஒருவர் கதை சொல்வார், விடுகதை போடுவார், நாற்று நடும் பெண்கள் பாடும் பாட்டைப் பாடிக் காட்டுவார். பார்வை மங்கிய அவ்வம்மையாருக்கு எழுத்தால் அமைந்த அரட்டை எதற்கு உதவும்? குரல் ஒன்றே அவர்க்கு வழி. அக்கதைகளையெல்லாம் அந்நிறுவனத்தின் இடத்திலேயே பதிவு செய்து வைத்திருந்தோம்.

ஒரு நாள் அந்நிறுவனம் இலவச அரங்கை மூடிவிட்டது. முன்னறிவிப்பு வரத்தான் செய்தது; மாற்றலாகிச் சென்றுவிட்ட பழைய செயலாளரின் மின்னஞ்சலுக்கு வந்தது. விளம்பரம் என்று எண்ணி அவர் அதனைத் திறவாது விட்டார். நாம் அறிந்தபோது பதிவுகள் அழிந்திருந்தன. அடுத்த தை மாதத்தில் பாட்டியும் மறைந்தார். இன்று அவர் குரல் நம்மிடம் இல்லை. நிறுவனத்தை நாம் குறை கூறவில்லை. வாடகையும் கொடாது பிறர் வீட்டில் பெட்டியை வைத்துவிட்டு, அவர் வீட்டைப் பூட்டும்போது அழுவதில் பயன் யாது? பிழை எம்முடையதே.

இஃது நமக்கு மட்டும் நேர்ந்தது அன்று. 2003-ஆம் ஆண்டில் தொடங்கி, கடல் கடந்த எத்தனையோ தாய்மாரையும் மக்களையும் பேச வைத்த ஸ்கைப் 2025 மே மாதத்தில் மூடப்பட்டது. பெரிய வீடும் ஒரு நாள் பூட்டப்படும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இனிச் சொந்தச் சர்வர் என்றால் யாதெனக் காண்போம். சர்வர் என்பது ஓயாது விழித்திருந்து, கேட்போர்க்குக் கேட்டதை வழங்கும் கணினி. பெரும்பாலும் அது எங்கோ ஒரு நிறுவனத்தின் கட்டடத்தில் இருக்கும். அதனை நம் வீட்டிலோ சங்க அறையிலோ நாமே வைத்து நடத்துவது சொந்தச் சர்வர். முன்னர் இதற்குக் கட்டளைகள் பல கற்க வேண்டும். இன்று அத்தொல்லையைக் குறைக்கத் தளங்கள் சில தோன்றியுள்ளன. பிளாட்பாரம் என்றால் வண்டி வந்து நிற்கும் இடம் என்றே அறிந்த நமக்கு இதனை விளக்குவது எளிது. செயலிகள் வந்து நிற்கும் பிளாட்பாரம் இது. சான்றாக, 2012-இல் தொடங்கிய யுனோஹோஸ்ட் என்னும் தளம் டெபியன் இயங்குதளத்தின்மேல் அமைந்தது, தொண்டர்களால் நடப்பது. பழைய கணினி ஒன்று போதும். பட்டியலில் வேண்டிய செயலியைத் தேர்ந்து பொத்தானை அழுத்தினால், அது தானே வந்து அமரும்.

அப்பட்டியல்களில் குரலுக்கு இடம் இல்லையோ எனின், உண்டு. அவற்றை மூவகையாகப் பகுக்கலாம்.

முதல் வகை, கதவு திறந்த அறை. 2005 முதல் வழங்கும் மம்பிள் என்பது இவ்வகையது. நம் ரயில்வே கண்ட்ரோல் தொலைபேசியை அறிந்தோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஒரே கம்பியில் பல நிலையங்கள். கருவியை எடுத்தால் மற்றவர் பேசுவது காதில் விழும். நம் முறை வரும்போது நாம் பேசலாம். மம்பிளும் அவ்வாறே. இரண்டாம் வகை, உலாவியில் ஓர் இணைப்பைத் தொட்டவுடன் திறக்கும் கூட்டம். ஜிட்ஸி மீட், கலென் ஆகியவை இவ்வகையின. மூன்றாம் வகை, வழக்கமான தொலைபேசி போல் ஒருவர் மற்றொருவரை அழைப்பது. மேட்ரிக்ஸ், நெக்ஸ்ட்கிளவுட் டாக் முதலியவை இதற்கு உதவும்.

இவற்றிற்குப் பெருஞ்செலவு ஆகுமோ என்று அஞ்ச வேண்டா. குரல் மிக இலேசான சரக்கு. 2012-இல் பொதுத் தரமாக ஏற்கப்பட்ட ஓபஸ் என்னும் முறையில் நொடிக்கு 32 கிலோபிட் இருந்தால் பேச்சு தெளிவாகவே கேட்கும். ஒரு மணி நேரப் பேச்சு ஏறக்குறைய 14 மெகாபைட்டே ஆகும். ஒருவர் பேச இருபது வீட்டார் கேட்பதாயின், மேலதிகச் சுமைகளையும் சேர்த்து நம் சர்வர் வெளியே அனுப்ப வேண்டியது நொடிக்கு ஏறக்குறைய 1 மெகாபிட். வீட்டு பிராட்பேண்ட் இணைப்பு இதனைத் தாங்கும். படத்தோடு கூடிய பேச்சோ இதனினும் பன்மடங்கு பெரியது.

அங்ஙனமாயின், இன்னும் பத்துச் செயலிகளைப் பட்டியலில் சேர்த்தால் நன்றன்றோ என்று இளைஞர்கள் கேட்கின்றனர். ஒன்று பிடிக்காவிடில் மற்றொன்று. போட்டியினால் தரம் உயரும் என்பது அவர்கள் வாதம். அவ்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும், ஓராண்டுக் காலம் சங்க அறையில் ஒரு பழைய கணினியை வைத்துப் பாடுபட்ட அனுபவத்தால் நாம் கூறுவது வேறு. குறை, செயலியின் எண்ணிக்கையில் இல்லை; செயலியோடு கூட வர வேண்டியவை வாராததில் உள்ளது. அவை மூன்று: வழி, மணி, காவல்.

முதலாவது வழி. உலகில் பழைய முறை இணைய முகவரிகள் மொத்தம் 429 கோடியே. அவை போதாமையால், நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து அளிக்கின்றன. தெரு முழுமைக்கும் ஒரே கதவு எண் இருந்தால் தபால்காரர் என் செய்வார்? நாம் வெளியே செல்லலாம். வெளியார் நம்மிடம் வர இயலாது. எங்கள் கணினியில் மம்பிள் பத்தே நிமிடத்தில் அமர்ந்தது. மதுரையிலிருந்து அதனை எட்டுவதற்கோ மூன்று வாரம் ஆயிற்று. இறுதியில் கூடுதல் கட்டணம் கட்டித் தனி முகவரி பெற்றோம். இருவர் நேருக்கு நேர் இணையும் செயலிகளில் மற்றொரு தடையும் உண்டு. இரு கைபேசிகளும் ஒன்றையொன்று காணாவிடில், நடுவில் ‘டர்ன்’ என்னும் இடைநிலைச் சர்வர் வேண்டும். அகலப் பாதையும் மீட்டர் பாதையும் சந்தித்த ஜங்ஷன்களில் அந்நாளில் மூட்டைகளை இறக்கி ஏற்றினார்கள் அல்லவா? அதே வேலை. இவ்விடைநிலையைத் தாமே அமைத்து, “வெளியிலிருந்து உம் சர்வரை எட்ட முடிகின்றது” அல்லது “முடியவில்லை, காரணம் இது” என்று தெளிவாகக் கூறுதல் தளங்களின் கடன். ஊமையாகி நிற்கும் செயலிகள் பத்து இருந்தென்ன?

இரண்டாவது மணி. எழுத்துச் செய்தி பத்து நிமிடம் கழித்து வந்தாலும் படிக்கலாம். அழைப்போ அக்கணமே மணியாக ஒலிக்க வேண்டும். உறங்கும் கைபேசியை எழுப்பும் வழி பெரும்பாலும் கூகுளின் கையிலும் ஆப்பிளின் கையிலும் இருக்கின்றது. ஆண்ட்ராய்டில் யூனிஃபைட்புஷ் என்னும் மாற்று வழி உண்டு. அதற்கான நோட்டிஃபை என்னும் சர்வரையும் நாமே நடத்தலாம். ஐபோனிலோ ஆப்பிளின் வழியே வழி. ஆகவே, வீடு நமதாயினும் வாயில் மணி பிறர் கையில் இருப்பதை நாம் மறைத்தலாகாது. நம் சங்கத்து முதியோர் பலர் கைவிட்டது இங்கேதான். “தம்பி, மணியே அடிக்கவில்லையே” என்று அவர்கள் கூறியபோது, எம்மிடம் விடை இல்லை.

மூன்றாவது காவல். செயலி ஒன்றைப் பட்டியலில் சேர்ப்பது எளிது. ஆண்டுதோறும் பழுது பார்ப்பது அரிது. புதிய நிலையத்தைத் திறந்துவிட்டு ஸ்டேஷன் மாஸ்டரை அமர்த்தாவிடின் வண்டி எவ்வாறு செல்லும்? யுனோஹோஸ்டில் செயலிகளைத் தானியங்கிச் சோதனைக்கு உட்படுத்தித் தர எண் இடுகின்றனர், இது போற்றத்தக்கது. எனினும், சோதனை நிறுவுதலைக் காணும். எழுபது வயது அம்மையாரின் விரல் தடுமாறுவதைக் காணாது. மம்பிளுக்கு ஆண்ட்ராய்டில் மும்லா என்னும் செயலியை வேறு ஆர்வலர்கள் செய்தனர். அதில் முகவரி, பெயர், சான்றிதழ் என்று கேள்விகள் எழுந்தபோதே நம் தாய்மார் பலர் கைபேசியைப் பேரனிடம் நீட்டினர். கலெனில் ஓர் இணைப்பை அனுப்பினோம், தொட்டார்கள், பேசினார்கள். ஆகவே இன்று இளைஞர்கள் மம்பிளிலும், சனிக்கிழமை வகுப்பினர் கலெனிலும் கூடுகின்றனர்.

இவற்றால் எம் முடிவு இதுவாகும்: சொந்தச் சர்வர்த் தளங்கள் குரலுக்கு இன்னும் பேரிடம் அளிக்க வேண்டும், ஆனால் பெயர்ப் பட்டியலை நீட்டுவதால் அன்று. மூவகையில் ஒவ்வொன்றை எடுத்து, வழியும் மணியும் காவலும் உடன் சேர்த்து அளிக்க வேண்டும். அங்ஙனம் அமைந்த மூன்று, அமையாத முப்பதினும் மேலானவை. அதன் பின்னரும் புதியன வருமாயின், வரவேற்போம்.

தளத்தாரை மட்டும் கடமை கேட்டு நாம் கைகட்டி நிற்றல் தகுமோ? நம் பங்கும் உண்டு. மம்பிளில் குரல் கைபேசிக்கும் சர்வருக்கும் இடையே மறைகுறியாக்கம் பெற்றுச் செல்கின்றது. ஆயின், சர்வரை நடத்துபவர் நினைத்தால் அதனைக் கேட்கலாம். ஆகவே, அப்பொறுப்பு நம்பிக்கைக்குரியோரிடம் இருத்தல் வேண்டும். யாரேனும் பதிவு செய்தால் மற்றவர்க்கு அறிவிப்புத் தோன்றும் வசதி அதில் உண்டு. தோன்றினும் தோன்றாவிடினும், கேட்டு அனுமதி பெற்றே பதிவு செய்தல் நம் மரபாகட்டும்.

இன்னொன்றையும் மனம் திறந்து கூறுவோம். ரயில்வே ஊழியர் என்றால் மாற்றல் உத்தரவு என்றேனும் ஒரு நாள் வரும். இன்று இக்கணினியின் கடவுச்சொற்கள் எம் ஒருவரிடமே உள்ளன. நாளை நமக்கு மாற்றல் வந்தால், நாமே அந்தப் பழைய செயலாளர் ஆவோம். மற்றொரு பாட்டியின் குரல் மறுபடியும் அழியும். சொந்த வீடும் சாவி தொலைந்தால் பூட்டிய வீடே. ஆகவே செயற்குழுவினரை நாம் வேண்டுவன இரண்டு. பிளாக்குக்கு ஒருவராக மூவரைத் தெரிந்தெடுங்கள். அவருள் ஒருவர் பெண்ணாகவும், ஒருவர் இருபது வயதுக்கு உட்பட்டவராகவும் இருக்கட்டும். சாவிகளையும் செய்முறையையும் தமிழில் எழுதிச் சங்கத்து அலமாரியில் வைப்போம். பதிவுகளின் நகலை மாதம் ஒரு முறை வேறொரு தட்டில் எடுத்து, வேறொரு வீட்டில் வைப்போம்.

இரண்டாம் பிளாக்குப் பாட்டி மறைந்தார். அவர் கதைகளில் ஒன்றிரண்டை நம் குழந்தைகள் அரைகுறையாக நினைவில் வைத்திருக்கின்றனர். சென்ற மாதம் ஒரு சிறுமி, நரியும் நண்டும் வரும் அக்கதையைச் சனிக்கிழமை வகுப்பில் சொன்னாள். நடுவில் மறந்து நின்றாள். மதுரையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் விட்ட இடத்தை எடுத்துக் கொடுத்தார். அது நம் வீட்டில், நம் கணினியில், பதிவாகியுள்ளது. வரும் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நீங்களும் வாருங்கள். உங்கள் வீட்டு முதியோரையும் பேச வையுங்கள்.