காற்று நிறுத்திய கப்பலும் கை நிறுத்திய கப்பலும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பட்ட உரை)



பாப்பாரப்பட்டிக்கும் கடலுக்கும் என்ன உறவு என்று எவரும் கேட்கலாம். இவ்வட்டாரத்தார் அறிந்த நீர்வழி காவிரி. பிலிகுண்டுலுவில் நீர்வரத்து ஏறினால் ஒகேனக்கல்லில் பரிசல் நிற்கும், தணிந்தால் ஓடும். நாகமரையிலிருந்து பண்ணவாடிக்கும் ஒட்டனூரிலிருந்து கோட்டையூருக்கும் மேட்டூர் நீர்த்தேக்கத்தைக் கடப்பவர்களுக்கும் இது பழகிய செய்தியே. ஆயினும் இவ்வூருக்குக் கடலோடும் ஓர் உறவு உண்டு. 1925 ஜூலை 23 அன்று இம்மண்ணில் உயிர்நீத்த சுப்பிரமணிய சிவா, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்ட வ. உ. சிதம்பரம் பிள்ளையின் தோழர்; அவரோடு ஒரே வழக்கில் தண்டனை பெற்றவர். அந்தக் கப்பலின் ஓட்டம் நின்ற கதையில் இவ்வூரின் பெயரும் ஓர் ஓரத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே, தீவுக்குப் போகும் கப்பல் எதனால் நிற்கிறது, யாரால் நிற்கிறது என்பதைப் பாப்பாரப்பட்டியில் பேசுவது பொருத்தமற்றதன்று.

தவறவிட்ட கப்பலைப் பற்றித் தமிழில் உள்ள பழங்கதை மணிமேகலையில் இருக்கிறது. ஆபுத்திரன் கையில் அமுதசுரபி இருந்தது. மதுரையில் பசித்தோர்க்கெல்லாம் உணவிட்டான். பின்னர் பாண்டிய நாட்டில் மழை வளம் பெருகி, உண்ண வருவார் இல்லாத நிலை ஏற்பட்டது. சாவக நாட்டில் மழையின்றி உயிர்கள் மடிகின்றன என்று கப்பலில் வந்தவர்கள் சொல்லக் கேட்டு, அவனும் ஒரு கப்பலில் ஏறினான். வழியில் கடுங்காற்று. மணிபல்லவத்தில் பாயை இறக்கி ஒரு நாள் தங்கினார்கள். ஆபுத்திரன் தீவில் இறங்கினான். அவன் திரும்ப ஏறிவிட்டான் என்று எண்ணிய மாலுமி, காற்று வாய்த்ததும் நள்ளிரவில் கப்பலைச் செலுத்திவிட்டான். ஆள் இல்லாத தீவில் அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தோடு ஆபுத்திரன் தனித்து நின்றான். தன் ஒருவன் வயிற்றுக்காக அதை வைத்திருக்க மனமின்றிக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்தான்.

இந்த மாலுமியைச் சாத்தனார் எங்கும் பழிக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. காற்றுக்காகக் காத்தவன், காற்று வந்ததும் போனான். (பயணிகளை எண்ணிப் பார்க்கும் வழக்கம் அக்கப்பலில் இருந்திருந்தால் காப்பியத்தின் பிற்பகுதி வேறாகியிருக்கும் என்பது உண்மைதான்.) இக்கதை வேறொன்றையும் காட்டுகிறது. கொடுக்க உணவு இருக்கிறது. மறுகரையில் பசி இருக்கிறது. நடுவில் ஒரு கப்பல் இல்லை. அவ்வளவில் அமுதசுரபியும் வெறும் ஓடாகிவிடுகிறது. மணிபல்லவம் எது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவே அது என்பாரும் உளர்; மறுப்பாரும் உளர். அவ்வாராய்ச்சி இங்கு வேண்டுவதில்லை.

ஆபுத்திரனின் கப்பலை நிறுத்தியதும் ஓட்டியதும் காற்று. வ. உ. சி.யின் கப்பலை நிறுத்தியது காற்றன்று.

தூத்துக்குடி–கொழும்பு வழி பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் ஆதிக்கத்தில் இருந்தது. அதற்கு எதிராக 1906 அக்டோபர் 16 அன்று சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. மூலதனம் பத்து லட்சம் ரூபாய்; பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய். தலைவராக இருந்தவர் பாண்டித்துரைத் தேவர். 1901இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய அதே பாண்டித்துரைத் தேவர்! ஏடுகளைத் தேடித் தொகுத்த கை கப்பல் பத்திரத்திலும் கையொப்பமிட்டது. தமிழ் வளர்த்த சங்கங்களின் வரலாற்றை எழுதுவோர் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். இலக்கிய வட்டங்களேனும் சற்று நின்று நோக்க வேண்டும்.

சங்கத்திற்குத் தொடக்கத்தில் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயின் ஷா லைன் கம்பெனியிடமிருந்து வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். எதிர்க் கம்பெனி நெருக்கவே, ஷா லைன் கப்பலைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. முதல் தடங்கல் அது. வ. உ. சி. உடனே கொழும்பில் ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்து ஓட்டம் அறுபடாமல் காத்தார். பிறகு சொந்தக் கப்பல் வாங்கப் பம்பாய் சென்றார். கப்பலோடு திரும்புவேன், இல்லையேல் கடலில் மாய்வேன் என்று கூறிச் சென்றதாகச் சொல்வர். 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்தன.

அடுத்து வந்தது கட்டணப் போர். வெள்ளையர் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கியது. அவர்கள் இலவசப் பயணம் என்றார்கள். கூடவே ஒரு குடையும் தருவதாகச் சொன்னார்கள் என்பது பலரும் எடுத்துரைக்கும் செய்தி. கடலைக் கடக்க இலவசம், மழைக்குக் குடை. இத்தனை அன்பும், எதிரில் ஓடும் கப்பல் நிற்கும் வரைதான் நீடித்திருக்கும் என்பதை அறியப் பேரறிவு வேண்டியதில்லை.

கப்பலை நிறுத்தப் பணம் போதாதபோது சட்டம் வந்தது. 1908 பிப்ரவரியில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம், சிவாவும் வ. உ. சி.யும் அதன் முன்னணியில் நின்றனர். மார்ச் 12 அன்று இருவரும் கைதாயினர். ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே வழங்கிய தீர்ப்பில் வ. உ. சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை: ஒன்று அவருடைய பேச்சுக்காக, மற்றொன்று சிவாவுக்குத் துணைநின்றமைக்காக. சிவாவுக்குப் பத்தாண்டு. மேல்முறையீட்டில் இவை குறைக்கப்பட்டன. ஆனால் ஓட்டுபவர் இல்லாத கம்பெனி தாங்கவில்லை, 1911இல் கலைக்கப்பட்டது. புயல் ஒன்றும் அடிக்கவில்லை. பாறையில் ஒன்றும் மோதவில்லை.

1912இல் விடுதலையான சிவா தொழுநோயோடு வெளியே வந்தார். நோயைக் காரணம் காட்டி அவர் ரயிலில் ஏறக் கூடாதென்று அரசு தடுத்தது. நடந்தும் மாட்டுவண்டியிலும் ஊர் ஊராகச் சென்று பேசினார். கப்பல் விட்டவரின் தோழருக்கு ரயிலும் மறுக்கப்பட்டது. பாரத மாதாவுக்கு ஒரு கோயில் எழுப்பும் கனவோடு அவர் வந்து சேர்ந்த இடம்தான் பாப்பாரப்பட்டி.

சுதேசிக் கம்பெனி மறைந்த மூன்றாம் ஆண்டில், 1914இல், பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. இலங்கைக்குச் செல்லும் பயணிகளின் வழி தூத்துக்குடியை விட்டுத் தனுஷ்கோடிக்கு மாறியது. சென்னையில் ஏறியவர் ரயிலிலேயே தனுஷ்கோடிக் கப்பல்துறை வரை வந்து, சுமார் 22 மைல் கடலைக் கப்பலில் கடந்து, தலைமன்னாரில் காத்திருக்கும் கொழும்பு ரயிலில் ஏறினார். 'போட் மெயில்' என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது. ரயில் நேரமும் கப்பல் நேரமும் ஒன்றையொன்று பார்த்து வகுக்கப்பட்டவை; இரு நாடுகளின் கடிகாரங்களை ஒரு சிறு கப்பல் இணைத்திருந்தது. தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளரும், வணிகரும், இசைவாணரும், தமிழறிஞரும் அந்த ஒரே மேல்தளத்தில் நின்று காற்று வாங்கியிருக்கிறார்கள்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயல் அந்த ஊரையே எடுத்துக்கொண்டது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பயணி ரயில் நூற்றுக்கும் மேற்பட்டோருடன் கடல் அலையில் மூழ்கியது. பாம்பன் பாலத்தின் பெரும்பகுதி அடித்துச் செல்லப்பட்டது. அப்பாலம் ஈ. ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளர் பொறுப்பில் 46 நாட்களில் மீண்டும் எழுந்தது. தனுஷ்கோடிக்குப் போன இருப்புப் பாதை மட்டும் திரும்பவில்லை. ஆனால் கப்பல் நிற்கவில்லை. துறையை மாற்றிக்கொண்டு இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடியது. 'இராமானுஜம்' என்ற அக்கப்பலின் பெயர் மலையகத் தமிழருக்கு மறக்கக் கூடியதன்று. புயலுக்கு இரண்டு மாதம் முன்பு, 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்றது. அவ்வாறு நாடு மாற்றப்பட்டவர்களுள் பல்லாயிரவர் வந்தது இக்கப்பலில்தான். போக மட்டும் உதவி, திரும்ப உதவாத கப்பலாக அவர்களுக்கு அது அமைந்தது.

இந்தக் கப்பலும் 1980களின் முதற்பாதியில் இனமோதலின் தீயில் நின்றது. புயல் உடைத்த பாலம் 46 நாட்களில் எழுந்தது. மனிதர் நிறுத்திய கப்பல் நாற்பது ஆண்டுகளாயும் அவ்வழியில் எழவில்லை. போரில் அழிந்த தலைமன்னார் இருப்புப் பாதை 2015 மார்ச்சில் மீண்டும் திறக்கப்பட்டு, ரயில் கப்பல்துறை வரை வந்தது. அங்கே கப்பல்தான் இல்லை.

பெருவழிகளின் கதை இது. சிறு தீவுகளின் கதை இன்னும் நெருக்கமானது. நெடுந்தீவுக்குக் குறிகாட்டுவானிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். பள்ளி ஆசிரியர், நோயாளி, அரிசி மூட்டை எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தைக் கடந்தே ஆக வேண்டும். கடல் கொந்தளித்தால் படகு இல்லை; இல்லையென்றால் அன்றைய நாளே இல்லை. 'குமுதினி' என்ற மரப்படகு அத்தீவாரின் நாட்களைச் சுமந்தது. 1985 மே 15 அன்று நடுக்கடலில் அது மறிக்கப்பட்டது. பெண்களும் குழந்தைகளுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டனர். வந்தவர்கள் கடற்படையினர் என்று உயிர்தப்பியவர்கள் சாட்சி கூறினர். அதே குமுதினி பழுதுபார்க்கப்பட்டு மீண்டும் அதே வழியில் ஓடியது. கொலைக்களமான பலகையில் அமர்ந்துதான் அவ்வூரார் சந்தைக்குப் போயினர். வேறு படகு ஏது?

போருக்குப் பின் வந்த முயற்சிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2011 ஜூன் மாதம் தூத்துக்குடி–கொழும்பு வழியில் 'ஸ்கோஷியா பிரின்ஸ்' ஓடத் தொடங்கியது. ஆள் சேராமல் நவம்பரில் நின்றது. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 'செரியபாணி' புறப்பட்டது. முதல் நாள் ஐம்பது பேர். நாள்தோறும் என்று அறிவித்த பயணம், முன்பதிவு குறைந்ததால் வாரம் மூன்று நாளாயிற்று. வடகிழக்குப் பருவமழையை முன்னிட்டு அக்டோபர் 20ஆம் நாளோடு முடிந்தது. வாடைக்காற்று பிறக்கும் மாதத்தில் அக்கடலில் புதுக்கப்பல் விடுவது எவருடைய நாட்குறிப்பைப் பார்த்து என்பது தெரியவில்லை. நாகையின் எந்த மீனவரைக் கேட்டிருந்தாலும் வேறு மாதம் சொல்லியிருப்பார். 2024 ஆகஸ்ட் 16 அன்று 'சிவகங்கை' என்ற கப்பலோடு ஓட்டம் மீண்டது, மழைக்காலத்தில் நின்றது, 2025 பிப்ரவரியில் மறுபடி தொடங்கியது.

குமரிமுனையில் இன்னொரு வகை. கடல் உள்வாங்கினால் படகு விவேகானந்தர் பாறையோடு திரும்பிவிடும். பாறைகள் நிறைந்த ஆழமற்ற நீரில் வள்ளுவர் சிலையை அணுக இயலாது. 2024 டிசம்பர் 30 அன்று இரு பாறைகளையும் இணைத்து 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்டது. கரையிலிருந்து பாறைக்கு இன்னும் படகுதான்; கடல் சீறும் நாளில் வள்ளுவரைக் கரையிலிருந்தே வணங்க வேண்டும்.

கவிஞர்களுக்கு இதில் என்ன இருக்கிறது? நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். ஆனால் சங்க நெய்தலின் தலைவன் பெரும்பாலும் தேரில் வருகிறான். தலைவி செவி சாய்ப்பது மணிகளின் ஒலிக்கு. கப்பலுக்காகக் கரையில் நிற்கும் இரங்கல் பிற்காலத்தது. தலைமன்னாரிலும் குறிகாட்டுவானிலும் அது முழு வாழ்க்கையாயிற்று. கவிதையில் அது இன்னும் போதிய இடம் பெறவில்லை. ஈழத்துக் கவிஞர் சிலர் தொட்டிருக்கிறார்கள். இக்கரையில் கடல் பெரும்பாலும் உவமையாகவே நின்றுவிடுகிறது.

சொல் வளத்திலும் ஒரு குறை தென்படுகிறது. காற்று நிறுத்தும் கப்பலுக்குத் தமிழில் பெயருண்டு. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று திசைக்கொரு பெயர் வைத்து, எந்தக் காற்றில் எத்தனை நாள் கரையில் இருக்க வேண்டும் என்று கடலோரத்தார் கணித்து வைத்திருக்கிறார்கள். அது பிறக்கும் நாளும் தெரியும், தணியும் நாளும் தெரியும். போட்டிக் கம்பெனியும், தீர்ப்பும், ஒப்பந்தமும், போரும் நிறுத்திய கப்பலுக்கு அப்படி ஒரு பெயர் இல்லை. 'ரத்து', 'இடைநிறுத்தம்', 'மறு அறிவிப்பு வரும் வரை' என்னும் அலுவலகச் சொற்களே உள்ளன. அவற்றில் நாள் கணக்கும் இல்லை, திசையும் இல்லை. 1984இல் தலைமன்னாரில் நின்றவர் எந்தக் காற்று தணியக் காத்திருப்பார்?

கவியரங்கம் பிற்பகலில் தொடங்குகிறது. அப்பெயர்களுள் ஒன்றேனும் அங்கே பிறக்குமாயின், பரிசல் மட்டுமே அறிந்த இவ்வூர் கடலோரத்திற்கு அனுப்பிவைக்கும் ஒரு சொல்லாக அது அமையும்.