பழைய காரின் முன்சக்கரங்கள்



கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. ஆயினும் ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும், அக்காலத்தில் வாங்கிய அம்பாஸடர் காரைப் பேணி வருபவர்களைக் காணலாம். 2014-இல் உற்பத்தியே நின்றுபோன வண்டி அது. அதன் முன்டயர் ஒருபுறமாகத் தேய்ந்தால், இரண்டு புது டயர் வாங்கும் செலவு சிறிதன்று. பெங்களூர்ச் சாலையில் விரைந்து செல்கையில் ஸ்டியரிங் மூட்டு கழன்றால் நேர்வதோ பணத்தோடு போகாது.

ஆதலின் அளவெடுக்குமுன் ஆட்டத்தைப் பாருங்கள். பின்சக்கரங்களுக்குக் கல் முட்டுக்கொடுத்து, முன்பகுதியை ஜாக்கியால் தூக்கி, உறுதியான ஸ்டாண்டின்மேல் நிறுத்துங்கள். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து அசையுங்கள். ஆடுகிறதா? ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் மறைந்தால் குறை பேரிங்கில். மறையாவிடில் கிங் பின்னை ஐயுற வேண்டும். பிறகு இடமும் வலமுமாக அசைத்து, டை ராட் முனைகளைக் கவனியுங்கள். தேய்ந்த மூட்டை மாற்றாமல் அளவைத் திருத்துவது வீண் வேலை. மறுநாளே அது மாறிவிடும்.

இனி அளவு. சக்கரத்தைச் சுழற்றி, டயரின் நடுவில் சாக்குக்கட்டி பூசி, ஆணி முனையால் ஒரு கோடு கீறுங்கள். வண்டியைச் சமதளத்தில் இறக்கி, காற்றைச் சரிபார்த்து, ஸ்டியரிங்கை நேராக வைத்துச் சிறிது தூரம் முன்னோக்கித் தள்ளுங்கள். இரு டயர்களின் முன்புறத்தில், அச்சின் உயரத்தில், கோட்டின்மேல் அடையாளமிட்டு இடைவெளியை அளந்து கொள்ளுங்கள். பின் சக்கரம் அரைச்சுற்று உருளுமளவு வண்டியை முன்னே நகர்த்தினால், அதே அடையாளங்கள் பின்புறம் வந்துவிடும். அங்கும் அளவுங்கள். அதே புள்ளிகளை அளப்பதால் ரிம்மின் கோணல் கணக்கைக் கெடுக்காது.

முன்னளவு சற்றுக் குறைந்திருந்தால் சக்கரங்கள் உள்நோக்கிக் குவிந்துள்ளன, இதுவே டோ-இன். ஓடும்போது சாலையின் எதிர்ப்பு முன்சக்கரங்களை வெளிப்புறமாகத் தள்ளுவதால், இத்தகைய பழைய வண்டிகளுக்குச் சிறிது குவிவு விதிக்கப்பட்டிருக்கும். எத்தனை மில்லிமீட்டர் என்பதை வண்டியின் கைப்புத்தகத்தில் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் கணக்கை நம்பவேண்டாம். குவிவு மிகுந்தால் டயரின் வெளியோரமும், விரிவு மிகுந்தால் உள்ளோரமும் தேயும்.

திருத்தும்போது லாக் நட்டைத் தளர்த்தி, இருபக்க டை ராடுகளையும் சம அளவில் திருப்புங்கள். ஒன்றை மட்டும் திருப்பினால் ஸ்டியரிங் வட்டு கோணலாக நிற்கும். நட்டை இறுக்கியபின் மறுபடியும் அளக்க வேண்டும்.

வண்டி ஒருபுறம் இழுப்பதற்கு இதுவே காரணமென்று எண்ணிவிடாதீர்கள். ஒரு டயரில் காற்றுக் குறைவும், விடாமல் பிடிக்கும் பிரேக்கும் அவ்வாறே இழுக்கும். விபத்தில் அடிபட்ட வண்டியை மட்டும் பட்டறைக்கே கொண்டுசெல்லுங்கள். வளைந்த சட்டத்தை இம்முறையால் அறிய இயலாது.