விண்மீன் கதையும் நம் கரைமணலும்

 

நம் கரமனைக் குடியிருப்பைச் சேர்ந்த இளைஞர்கள் சிலர் தங்கள் கையெழுத்து ஏட்டில் ஒரு விண்வெளித் தொடர்கதை எழுத முனைந்துள்ளனர். தொலைதூர விண்மீன் ஒன்றிலிருந்து வல்லவர் கூட்டம் வருகிறது. பூமியின் செல்வத்தை அள்ளிச் செல்லத் தொடங்குகிறது. பூமியின் மக்கள் எதிர்த்து நிற்கின்றனர். இதுவே கதையின் கரு. இதனை எவ்வாறு எழுதுவது என்பது பற்றி இன்று பேசுமாறு எனக்குப் பணித்தனர்.

நான் விஞ்ஞானியும் அல்லேன், நாவலாசிரியனும் அல்லேன். இருப்புப்பாதை அலுவலகத்தில் சரக்குச் சீட்டு எழுதுகிறவன். எனினும், இத்தகைய கதைக்குச் சரக்குச் சீட்டு எழுதுகிறவனிடமும் சொல்லத்தக்க சில செய்திகள் உண்டு என்று தோன்றியதால் இசைந்தேன்.

வேற்றுலகத்தார் பூமியின்மீது படையெடுக்கும் கதைகளுக்கெல்லாம் முன்னோடி என்று போற்றப்படுவது, ஆங்கிலேயர் ஹெச். ஜி. வெல்ஸ் எழுதிய ‘உலகங்களின் போர்’ என்னும் நாவல். 1897-இல் இதழில் தொடராக வந்து, 1898-இல் நூலாயிற்று. செவ்வாய்க் கோளினர் இங்கிலாந்தில் இறங்கி அழிவு செய்வதே கதை. அதன் முதல் அத்தியாயத்திலேயே ஆசிரியர் தம் நாட்டாரை ஒரு கேள்வி கேட்கிறார். டாஸ்மேனியத் தீவின் பழங்குடிகளை ஐரோப்பியர் அழித்தொழித்தனரே. அதே மனப்பான்மையோடு செவ்வாயினர் நம்மீது பாய்ந்தால் குறைகூற நமக்கு என்ன தகுதி உண்டு என்பது அக்கேள்வியின் பொருள். பேரரசின் உச்சிக்காலத்தில், பேரரசின் தலைநகரை நோக்கி அவ்வாறு கேட்க நெஞ்சுரம் வேண்டும்.

ஆனால் அக்கதை எவ்வாறு முடிகிறது? மனிதர் எவரும் செவ்வாயினரை வெல்லவில்லை. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அவர்களைக் கொன்றுவிடுகின்றன. வெல்ஸ் ஆண்டவர் நாட்டில் பிறந்தவர். ஆளப்பட்டவர் எவ்வாறு எதிர்த்து நின்றனர் என்பது அவர் வாழ்ந்தறிந்த செய்தியன்று. அது நம் முன்னோர் வாழ்ந்தறிந்த செய்தி. ஆகவே அவர் விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடரும் உரிமையும் தகுதியும் நமக்கு உண்டு என்பது என் துணிபு. அதற்கான மூலப்பொருளைத் தேடிச் சனிக்கோளுக்குப் போகவேண்டுவதில்லை. நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலை நம் கரமனை வழியாகத்தான் போகிறது. அச்சாலையில் தெற்கே சென்றால் மணவாளக்குறிச்சிக் கடற்கரையை அடையலாம். அங்கே தொடங்குகிறது நம் கதை.

பழைய நாளில் திருவிதாங்கூர்க் கரையிலிருந்து தேங்காய் நாரும் கயிறும் ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. அவற்றில் ஒட்டிச் சென்ற மணலை ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலார் ஆராய்ந்தார். அதில் மோனசைட் என்னும் கனிமம் மின்னுவதை 1909-இல் கண்டறிந்தார். மோனசைட்டில் தோரியம் உண்டு. நம் கரை மோனசைட்டில் நூற்றுக்கு 8 முதல் 10 பங்கு தோரியம் ஆக்சைடு அடங்கியிருக்கும். அந்நாளில் ஐரோப்பிய நகரங்களின் தெருக்களும் வீடுகளும் வாயு விளக்குகளால் ஒளிபெற்றன. அவ்விளக்கின் வலைத்திரிக்கு வெண்ணொளி தருவது தோரியமே. நம் கலியாண ஊர்வலங்களில் தலையில் சுமந்து சென்ற பெட்ரோமாக்ஸ் விளக்கைப் பெரியோர் மறந்திருக்கமாட்டார்கள். அதன் வெண்ணிறத் திரியும் அவ்வகையினதே. அதுகாறும் பிரேசில் நாட்டுக் கரைமணலையே நம்பியிருந்த அத்தொழிலுக்குத் திருவிதாங்கூர் மணல் பெரும் புதையலாக வாய்த்தது. ஷோம்பர்க் மணவாளக்குறிச்சிக்கே வந்து மணல் பிரிக்கும் ஆலை நிறுவினார்.

இவ்விடத்தில் இளைஞர்கள் சற்று நின்று எண்ணவேண்டும். எங்கள் சரக்குச் சீட்டில் அனுப்புகிறவர் பெயர், பெறுகிறவர் பெயர், பொருளின் பெயர், எடை, கட்டணம் என்று கட்டங்கள் உண்டு. ‘பொருளின் பெயர்’ என்னும் கட்டத்தில் எழுதப்படுவதைக் கொண்டே கட்டணம் அமையும். நம் கரையின் மோனசைட் முதன்முதலாக அயல்நாடு சென்றபோது அதற்குப் பெயரே கிடையாது. நாரில் ஒட்டிய அழுக்கு அது. பொருளுக்குப் பெயர் தெரிந்தவன் அங்கே இருந்தான். பெயர் தெரியாதவன் இங்கே இருந்தான். இந்த ஒரு வேறுபாட்டினின்றே மற்றவை யாவும் விளைந்தன. 1914-இல் போர் மூண்டபோது ஜெர்மானியர் பிடி அகன்று, அவ்விடத்தை ஆங்கிலேயர் பற்றினர். மணல் போகும் திசை மாறவில்லை. பெறுகிறவர் பெயர் மட்டுமே மாறியது.

ஆதலால் உங்கள் கதையில் வரும் விண்மீன் வணிகர் முதல் நாளிலேயே நெருப்புக் கதிரை வீசவேண்டா. அவர்கள் இன்முகத்தோடு வரட்டும். நாம் காலால் மிதித்து நடக்கும் ஏதோ ஒன்றைக் கேட்கட்டும். நாமும், இது போனால் என்ன என்று மகிழ்ந்து கையெழுத்திடுவோம். படிப்பவருக்கு அச்சம் அங்கே பிறக்கும்.

வந்தவர் வாணிகத்தாலேயே நம்மை அடக்குவதும் எளிது. இதற்குச் சான்று தூத்துக்குடியில் உண்டு. 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள். மொத்த முதல் 10 லட்சம் ரூபாய். காலியா, லாவோ என்னும் கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. எதிரே நின்ற ஆங்கிலேயக் கம்பெனி பீரங்கியை எடுக்கவில்லை, கட்டணத்தைக் குறைத்தது. பின்னர் இலவசமாகவே ஏற்றிச் சென்று, கையில் ஒரு குடையும் கொடுத்தது என்று கூறுவர். பயணச் சீட்டு எவ்வளவு கூரிய படைக்கலம் ஆகக்கூடும் என்பதை எம் போன்ற எழுத்தர் நன்கு அறிவோம். 1908 மார்ச்சில் வ. உ. சி. சிறை புகுந்தார்; அவர் இல்லாத கம்பெனி தளர்ந்து 1911-இல் கலைந்தது. தமிழனின் விண்கலக் கதைக்கு இதனினும் சிறந்த முன்மாதிரி வேறுண்டோ? கலம் இருக்கிறது, கடல் இருக்கிறது, பேரரசு இருக்கிறது. அதனோடு, நாட்டுப்பற்றும் மலிவான கட்டணமும் ஒரே மனிதனின் நெஞ்சில் மோதும் போரும் இருக்கிறது. கொழும்புக்குப் போகவேண்டிய ஓர் ஏழைக் கூலித் தொழிலாளி இலவசக் கப்பலை விடுத்து, காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறுவானா? அந்த ஒரு மனிதனை எழுதிவிட்டால் பல்லாயிரம் போர்க்கலங்களை எழுதவேண்டுவதில்லை.

இனி, எதிர்த்து நிற்றல் என்பது என்ன? முதலாவது, கதவை அடைக்கக் கற்பது. அணுவைப் பிளக்கும் ஆற்றலை உலகம் கண்டபின் தோரியத்தின் மதிப்பு விளக்குத் திரியோடு நிற்கவில்லை. மோனசைட் ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்தது. 1951-இல் நாட்டில் கடும் உணவுப் பற்றாக்குறை நிலவியது. 20 லட்சம் டன் தானியம் வேண்டி அமெரிக்காவை அணுகியிருந்தோம். அதற்கு ஈடாக மோனசைட் தடையை நீக்கவேண்டும் என்று அந்நாட்டுக் காங்கிரசில் சிலர் வற்புறுத்தினர். ஒருபுறம் பசித்த வயிறு, மறுபுறம் கரைமணல். தடை நீங்கவில்லை, தானியம் கடனாக வந்தது. உங்கள் கதையின் நடுப்பகுதியில் இத்தகைய ஒரு நாள் வரவேண்டும். பசியையும் மானத்தையும் ஒரே தராசில் வைக்கும் நாள் அது. அன்று முடிவெடுப்பவர் எப்பக்கம் சாய்ந்தாலும் கண்கலங்க வேண்டும்.

இரண்டாவது, கதவுக்கு உள்ளே கற்பது. அடைத்து வைத்த மணல் வெறும் மணலே. 1950-இல் இந்திய அரிய மணல் நிறுவனம் தோன்றியது. 1952-இல் ஆலுவாயில் மோனசைட்டைப் பதப்படுத்தும் ஆலையைப் பிரதமர் நேரு திறந்துவைத்தார். அதற்கு முன்பே, 1946-இல், கரிமணலிலிருந்து வெள்ளைச் சாய நிறமி செய்யும் டைட்டானியம் ஆலை நம் திருவனந்தபுரத்தில் நிறுவப்பட்டது. நாரோடு சென்ற அழுக்குக்கு நாமே பெயரிடக் கற்றுக்கொண்டோம்.

நம் தும்பாவையே பாருங்கள். 1963 நவம்பர் 21-ஆம் நாள் அங்கிருந்து வானேறிய முதல் ராக்கெட் அமெரிக்காவில் செய்தது. 1967 நவம்பர் 20-ஆம் நாள் ஏறிய ரோகிணி இந்தியாவில் செய்தது. அதன் குறுக்களவு 75 மில்லிமீட்டர் மட்டுமே. இடையே நான்கு ஆண்டுகள். இரவல் பெற்ற ராக்கெட்டை ஏவிக்கொண்டே தன் ராக்கெட்டைச் செய்யக் கற்ற அந்த நான்கு ஆண்டுகளே உண்மையான வீரகாவியம். கையில் வாளேந்திய தலைவனை எல்லாரும் எழுதுவர். கணக்குப் போட்டுப் பிழைத்து, மீண்டும் போடும் இளம் பொறியாளனை நீங்கள் எழுதுங்கள்.

மூன்றாவது ஒன்று உண்டு, அதுவே அரிது. நமக்குத் தீங்கு செய்தவனை அளந்த கோலாலேயே நம்மையும் அளந்துகொள்ளல். தும்பா ஏவுதளம் அமைந்த மண், மீனவ மக்கள் வாழ்ந்து வழிபட்ட மண். அங்கிருந்த புனித மரிய மகதலேனாள் ஆலயத்தையும் தங்கள் வீடுகளையும் அறிவியலுக்காக விட்டுத்தர முடியுமா என்று ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேரா அம்மக்களிடமே கேட்டார். அவர்கள் இசைந்தனர். அவ்வாலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாகத் திகழ்கிறது. ராக்கெட்டைப் போற்றும் நாம், படகைக் கரையோரமாக நகர்த்திக்கொண்டு வழிவிட்ட அக்குடும்பங்களையும் போற்றுதல் கடன். கொல்லம் மாவட்டத்து ஆலப்பாட்டுக் கரையிலோ, கரிமணல் எடுப்பதால் தங்கள் நிலத்தைக் கடல் விழுங்குகிறது என்று ஊர்மக்கள் 2018, 2019 ஆண்டுகளில் தொடர் உண்ணாவிரதம் இருந்தனர். அங்கே மணல் எடுத்தவர் அயலார் அல்லர். நம் அரசு நிறுவனங்களே. ஆகவே, ‘பூமியோர் யாவரும் நல்லவர், வந்தோர் யாவரும் தீயவர்’ என்று கோடு கிழித்து எழுதினால் கதை பொய்யாகிவிடும். விண்மீன் வணிகருக்குக் கதவு திறந்துவிடுவோர் நம்முள்ளும் இருப்பர். அவர்தம் குடியிலேயே, இது முறையன்று என்று சொல்லும் ஒரு வெல்ஸும் இருப்பார்.

இக்கேள்வி இன்று கற்பனை அளவில் நிற்கவில்லை. விண்வெளியையும் நிலவையும் எந்நாடும் தனதென்று உரிமை கொண்டாடலாகாது என்று 1967-இல் உலக உடன்படிக்கை செய்யப்பட்டது. நிலவின் வளங்கள் மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்றது 1979-ஆம் ஆண்டின் மற்றோர் உடன்படிக்கை. அதனைப் பெரிய நாடுகள் ஏற்று உறுதிப்படுத்தவில்லை. வானில் தோண்டி எடுக்கும் கனிமம் எடுத்தவருக்கே சொந்தம் என்று அமெரிக்கா 2015-இல் தன் குடிமக்களுக்காகச் சட்டம் இயற்றியது. 2023 ஆகஸ்டு 23-இல் சந்திரயான்-3 நிலவின் தென்முனையருகே இறங்கியபோது நாமெல்லாம் தொலைக்காட்சியின் முன் கைதட்டினோம், தட்டியது முறையே. அங்கே ஒருநாள் மண் அள்ளும் காலம் வரும்போது, மணவாளக்குறிச்சியை அறிந்த நாம் எப்பக்கம் நிற்போம்? கதை எழுதுவோர் கேட்கவேண்டிய கேள்வி இது.

தமிழில் இவ்வகைக் கதை செல்லுமா என்று சிலர் ஐயுறலாம். 1980-களில் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது தமிழ் வீடுகள் வாரந்தோறும் காத்திருந்து படித்தன. இயந்திர நாய் ஒன்று தமிழ் பேசியதை எவரும் விந்தையாகக் கொள்ளவில்லை. நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் கற்கின்றனர். தமிழ் வீட்டுமொழியாக நிற்கிறது. சமையற்கட்டையும் பூசையறையையும் மட்டுமே பேசும் மொழியாக அதை ஆக்கிவிட்டால், பெரிய செய்திகளை எண்ணுவதற்குப் பிள்ளைகள் வேற்றுமொழியையே நாடுவர். விண்கலமும் விடுதலையும் தமிழில் பேசப்படட்டும். தும்பாவில் பணியாற்றியோர் நம் குடியிருப்பிலேயே உள்ளனர். அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். பிழையான அறிவியலை வீரச் சொற்களால் மறைக்காதீர்கள்.

இறுதியாக ஒன்று. 1968 பிப்ரவரி 2-ஆம் நாள், பிரதமர் இந்திரா காந்தி தும்பா ஏவுதளத்தை ஐக்கிய நாடுகள் அவைக்கு அர்ப்பணித்தார். நெடுங்காலம் பிறர் அள்ளிச் சென்ற ஒரு கரை, தனக்கென அறிவைத் தேடிக்கொண்ட சில ஆண்டுகளுக்குள், வாருங்கள், எல்லாரும் சேர்ந்து கற்போம் என்று உலகை அழைத்தது. கொள்ளையை எதிர்த்தவன் கொள்ளைக்காரனாக மாறாமல் நின்ற அந்த இடத்தில் உங்கள் தொடர்கதையின் இறுதி அத்தியாயம் முடியட்டும்.

இளம் எழுத்தாளர்கள் வெல்க! வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!