மூடிய பள்ளிக்கூடத்துக்குள் ஒரு கலை விழா

(கட்சியின் கலை இலக்கியப் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கலை விழான்னா நமக்கு என்ன ஞாபகம் வரும்? மேடை, மைக் செட், சீரியல் லைட்டு. நகரத்திலிருந்து ஒரு குழு வரும். ஊர்மக்கள் கீழே உட்கார்ந்து கைதட்டுவாங்க. விடிஞ்சா பந்தலைப் பிரிச்சிடுவோம். ஊரு அப்படியேதான் இருக்கும்.

வேற மாதிரியும் செய்யலாம். ஜப்பானில் நீகாட்டா மாகாணத்தில் எச்சிகோ-த்சுமாரி என்றொரு மலைப்பகுதி. நெல் விளையும் ஊர்கள். குளிர்காலத்தில் ஆள் உயரத்தைத் தாண்டிப் பனி கொட்டும். இளைஞர்கள் பிழைப்புக்காக நகரங்களுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியது வயதானவர்கள், பூட்டிய வீடுகள், பிள்ளைகள் இல்லாத பள்ளிகள்.

அங்கே 2000-ல் ஒரு நவீனக் கலை விழா தொடங்கியது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, 760 சதுர கிலோமீட்டர் பரப்பில், வயலிலும் வீட்டிலும் பள்ளியிலும் நடக்கிறது. இயக்குநர் ஃபுராம் கிட்டகாவா. ஊர்மக்கள் உடனே ஏத்துக்கல. எதிர்ப்பு பலமா இருந்தது. அவர் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்.

சோவியத் நாட்டில் பிறந்த இலியா கபகோவ், எமிலியா கபகோவ் தம்பதி ஒரு அடுக்கு வயலைக் கேட்டார்கள். முன்னோர் பாடுபட்ட மண்ணாச்சே, வயல்காரர் முதலில் சம்மதிக்கவில்லை. பிறகு இணங்கினார். உழுவதும் நடுவதும் அறுப்பதுமாக உழவர் உருவங்கள் அந்த வயலிலேயே எழுந்தன. விவசாயத்தை விட்டுவிட இருந்த மனுஷன், அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் பயிர் செய்தார்.

ஹாச்சி என்ற ஊரில் தொடக்கப்பள்ளியை மூடினார்கள். கடைசியாகப் படித்தது மூணே பிள்ளைகள். படக்கதை ஓவியர் தாஷிமா செய்ஸோ அந்த மூணு பேரையே கதாபாத்திரங்களாக்கி, பள்ளி முழுவதையும் உள்ளே நடந்து பார்க்கும் ஒரு படக்கதையாக மாற்றினார். 2009-ல் அது திறந்தது.

எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்ல வரல. அந்த மலையில் மக்கள்தொகை குறைந்துகொண்டுதான் போகிறது. கலையால் நெல்லுக்கு விலை வைக்க முடியாது, பள்ளிக்கு ஆசிரியர் போட முடியாது. அது அரசியலின் வேலை, நம்ம வேலை. ஆனா "இந்தப் பள்ளி ஏன் காலியாச்சு?" என்ற கேள்வியை எல்லாரும் பார்க்கும்படி வைக்கக் கலையால் முடியும்.

அதனால உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்க ஒன்றியத்தில் கலை விழா நடத்தும்போது, எடுத்த எடுப்பில் குழுவை புக் பண்ணாதீங்க. ஊருக்குள்ள போய் உட்காருங்க. எந்தக் கட்டடம் பூட்டிக் கிடக்கு, யாரு பிழைப்புக்கு வெளியூர் போனாங்க, ஏரி என்னாச்சுன்னு கேளுங்க. பறையடிக்கிற தோழரை ஊர்வலத்துக்கு முன்னால நிறுத்தினா மட்டும் போதாது. திட்டம் போடுற கூட்டத்திலும் அவருக்கு நாற்காலி போடுங்க. காலனித் தெருவிலிருந்து விழாவைத் தொடங்குங்க.

தன் கதையைத் தானே சொல்ற ஊரு, அடுத்து கேள்வி கேட்கும். நம்மளையும் கேட்கும். கேட்கட்டும், பதில் சொல்லத் தயாரா இருப்போம்.